வெண்திரை என்றால் அபாயமில்லை

மகேஸ்வரன் எழுதிய மென்பொருள் முதல் நாளே சரியாக வேலை செய்துவிட்டது. தாமிரபரணி வெள்ள அறிவிப்பு வட்டத்தின் வரலாற்றில் அதற்கு முன் எதுவும் முதல் நாளே வேலை செய்ததில்லை. அதனால் அலுவலகம் கொஞ்சம் கலங்கிப் போயிற்று.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆவணி மாதம். வட்டத்தின் தலைமை அலுவலகம் வண்ணார்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று கேட்டறிந்து, ஆற்றோர ஊர்களுக்கு முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. அம்பாசமுத்திரம், முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் ஆகிய மூன்று ஊர்களில் அதற்கு நிலையங்கள் உண்டு. நிலையத்துக்கு ஒரு ஆள், ஒரு தொலைபேசி, ஒரு அபாயச் சங்கு. இப்போது ஒரு கணிப்பொறியும்.

மகேஸ்வரன் அங்கே இளநிலை உதவியாளர். தச்சநல்லூர்க்காரர், வயது முப்பத்துமூன்று. கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போடுகிற சுபாவம். தட்டச்சு இயந்திரத்தை ஒழித்துவிட்டால் தன்னையும் ஒழித்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருஷம் கணிப்பொறி படித்தார். பயந்து படித்தவர்களுக்குப் பாடம் நன்றாகவே பதியும். மென்பொருள் எழுதச் சொல்லி உத்தரவு வந்தபோது வட்டத்தில் அந்த வேலை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் எழுதியது எளிமையான ஒன்று. அணையிலிருந்து விடும் தண்ணீரின் அளவைத் தலைமை அலுவலகத்தில் தட்டினால், அது தொலைபேசிக் கம்பி வழியாக மூன்று நிலையங்களுக்கும் போகும். அபாயம் என்றால் அங்கே திரை சிவப்பாகும். எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும், எதை அடுத்து என்று வரிசையாகத் தெருக்களின் பெயர்கள் வரும். இன்டர்நெட்டில் பக்கங்கள் எழுதுகிற முறையிலேயே அவர் அந்தத் திரைகளை எழுதியிருந்தார்.

செயற்பொறியாளர் வைத்தியலிங்கம் வட்டத்தின் தலைவர். அவரே ஒரு பெரிய எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரை சிவந்தது. தெருக்கள் வந்தன.

"நல்லாருக்கு வே" என்றார்.

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் கருத்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஒரு கோப்பு பிறக்கப் போகிறது என்று அர்த்தம்.

"எல்லாம் சரி. இந்தப் பக்கத்தை வரைஞ்சு காட்டுதது யாரு?"

"பிரவுசர், சார்."

"அது எங்கன இருக்கு?"

"கம்ப்யூட்டரோடயே வந்தது சார். நம்ம புரோகிராம் ஒரு வெறும் ஜன்னலைத் திறந்து, அந்தப் பிரவுசரைக் கூப்பிட்டு அதுக்குள்ள உக்காத்தி வெச்சுக்கிடும். நாம தனியா ஒண்ணும் கொண்டு வர வேண்டாம். எல்லாம் ஒரே பிளாப்பில அடங்கிட்டு."

"அப்போ அது நம்ம ஆளு இல்ல."

"இல்ல சார்."

"நம்ம வட்டத்தோட எச்சரிக்கையை, நம்ம வட்டத்தில வேலை பாக்காத ஒருத்தன் ஜனங்களுக்குக் காட்டுதான். அப்படித்தானவே?"

மாலைக்குள் 'இரவல் உலாவி' என்ற தலைப்பில் ஒரு கோப்பு திறக்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்து முக்கூடலிலிருந்து போன் வந்தது. அங்கே நிலையத்தில் இருப்பவர் அசன் மைதீன். இருபத்தாறு வருஷம் படித்துறை மண்டபத்துத் தூணில் வரைந்திருக்கும் அளவுகோட்டைப் பார்த்துத் தண்ணீர் எத்தனை அடி என்று சொல்லி வந்தவர். ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி.

"தம்பி, வெள்ளையா இருக்கு."

"எது பாய் வெள்ளை?"

"எல்லாந்தான். சிவப்பும் இல்ல, தெருவும் இல்ல. வண்ணான் வெளுத்த வேட்டி கணக்கா இருக்கு."

மகேஸ்வரன் மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். முக்கூடல் கணிப்பொறி மற்றவற்றைவிட இரண்டு வருஷம் பழையது. அதற்குள் இருந்த பிரவுசரும் பழையது. தனியே திறந்தால் ஏதோ காட்டும், இன்னொருவரின் ஜன்னலுக்குள் வந்து உட்காரத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் கேட்டால், சிவப்பு வருகிறது, தெருப்பெயர்கள் பாதியில் அறுந்துவிடுகின்றன என்றார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் சிவப்பு ரோஜா நிறமாக, ஒரு கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்தது. ஒரே புரோகிராம்தான். எந்த ஊர்ப் பிரவுசரை நம்பியதோ அந்த ஊர் முகம் அதற்கு வாய்த்திருந்தது.

நிலையத்துக்குக் கீழே படித்துறைத் தெரு. வாசல்களில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே பதினெட்டுப் படிகள் இருந்தன. மகேஸ்வரன் எண்ணிப் பார்த்தார். பிறகு ஏன் எண்ணினோம் என்று வருந்தினார்.

"பாய், வெள்ளம் வந்து இது வெள்ளையாவே நின்னா என்ன செய்வீக? சங்கை ஊதிருவீகல்லா?"

அசன் மைதீன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி தண்ணியைக் கண்ணால பாத்துட்டு ஊதினேன் தம்பி. ஒரு சாண் கீழ வந்து நின்னுட்டு. பொய்யாப் பீதி கிளப்பினேன்னு நாப்பது நாள் வீட்டில உக்காத்தி வெச்சாங்க. இப்போ எழுத்திலயே இருக்கு. திரை சிவந்தாத்தான் ஊதணும். ரிட்டயர்டு ஆக ஒரு வருசம். எனக்கும் பயம் இருக்கும்லா?"

திரும்பி வந்த மகேஸ்வரன் ஒரு குறிப்பு எழுதினார். ஊர் ஊராக இருக்கிற பிரவுசரை நம்பினால் மென்பொருள் சிறியதாக இருக்கும். ஆனால் அங்கங்கே என்ன இருக்கிறதோ அதுதான் நம் கதி. நாமே ஒரு பிரவுசர் எஞ்சினை மென்பொருளோடு கட்டி அனுப்பினால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி தெரியும்; ஆனால் ஒரு பிளாப்பி பதினான்கு பிளாப்பியாகும், கணிப்பொறி மூச்சு வாங்கும். இலவசமாகக் கிடைக்கும் எஞ்சின் ஒன்று நாகர்கோவில் நண்பரிடம் குறுந்தகட்டில் இருக்கிறது. முக்கூடலுக்காவது இதை அனுமதிக்க வேண்டுகிறேன்.

குறிப்பு நேர்மையான குறிப்புத்தான். அதில் 'எஞ்சின்' என்ற சொல்லைப் போட்டதுதான் தவறு. கோப்பு வாகனப் பிரிவுக்குப் போய்விட்டது.

பதினைந்து நாளில் வாகனப் பிரிவு கேட்டது: மேற்படி எஞ்சினின் குதிரைத் திறன் என்ன? டீசலா, பெட்ரோலா? மகேஸ்வரன் 'பொருந்தாது' என்று எழுதினார். 'பொருந்தாது என்ற திறனில் எஞ்சின் எதுவும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை' என்று கோப்பு திரும்பியது. இது மென்பொருள், இதற்கு எடை கிடையாது என்று விளக்கினார். எடையில்லாத பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது, ஏற்றாத பொருளை அரசுக் கணிப்பொறியில் வைக்கக் கூடாது என்று பண்டகப் பிரிவு சொன்னது. நண்பரிடமிருந்து பதிந்து வாங்கிய பதினான்கு பிளாப்பிகளையும் தராசில் வைத்து எடை எழுதி அனுப்பினார். ஆவணி போய்ப் புரட்டாசியும் போயிற்று. மேற்கே பொதிகை மலை மேல் மேகம் கட்டத் தொடங்கியது. முக்கூடல் திரை வெள்ளையாகவே இருந்தது.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் உயர்நிலைக் குழு கூடியது. வடையும் காபியும் முடிந்த பிறகு வைத்தியலிங்கம் பேசினார்.

"ரெண்டு வழி இருக்குன்னு தம்பி எழுதியிருக்காரு. நான் ரெண்டையும் ஆழமா யோசிச்சேன். நாமளே எஞ்சின் வெச்சா அது நம்ம எஞ்சின். நாளைக்கு அதில ஒரு கோளாறுன்னா யாரைப் பிடிப்பான்? நம்மள. இரவல் பிரவுசர் வெள்ளையாக் காட்டினா அது யார் கோளாறு? அமெரிக்காவில எவனோ ஒருத்தன் கோளாறு. அவனை யாரு போய்ப் பிடிக்க? ஆக, வேலை செய்யுத நம்ம திரையை விட, வேலை செய்யாத அடுத்தவன் திரை நமக்குப் பாதுகாப்பு. ஜனங்களைக் காப்பாத்துதது நம்ம கடமைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வட்டத்தைக் காப்பாத்திட்டுத்தான் ஜனங்களைக் காப்பாத்த முடியும். வட்டமே இல்லைன்னா ஜனங்க யார்கிட்ட வந்து மனு கொடுப்பாங்க?"

குழு தலையாட்டியது.

கருத்தையா எழுந்தார். "அதில ஒரு சிக்கல் இருக்கு சார். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டுத் திரை நிறத்தைப் பதிவேட்டில எழுதுதோம். சிவப்புன்னா அபாயம், பச்சைன்னா அபாயமில்லை. முக்கூடலுக்கு வெள்ளைன்னு எழுத வேண்டியிருக்கு. வெள்ளைக்கு ஒரு அர்த்தம் வேணும். கட்டத்தைக் காலியா விட்டா தணிக்கையில கேப்பான்."

அரை மணி நேரம் விவாதித்தார்கள். வெள்ளை அமைதியின் நிறம் என்று ஒருவர் சொன்னது எல்லாருக்கும் பிடித்திருந்தது. 'முக்கூடல் நிலையத்தைப் பொறுத்தவரை வெண்திரை என்பது வெள்ள அபாயமின்மையைக் குறிக்கும்' என்று சுற்றறிக்கை முடிவாயிற்று. அதை வரையும் பொறுப்பு, விஷயம் தெரிந்தவர் என்ற முறையில், மகேஸ்வரனுக்குக் கொடுக்கப்பட்டது.

"சார், வெள்ளையா இருக்குதுன்னா அது அபாயமில்லைன்னு சொல்லல சார். அது ஒண்ணுமே சொல்லலன்னு அர்த்தம்."

"ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் இல்லைன்னுதானவே அர்த்தம்?" என்றார் வைத்தியலிங்கம், அன்போடு. "கீழ உம்ம சுருக்கொப்பத்தைப் போடும்."

மகேஸ்வரன் கதவைத் திரும்பிப் பார்த்தார். யாரும் வந்து காப்பாற்றவில்லை. போட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முக்கூடலில் யாராவது செத்துப்போனால் அந்தத் தாளை எடுப்பார்கள். அதில் வைத்தியலிங்கம் பெயர் இருக்காது, அமெரிக்காக்காரன் பெயரும் இருக்காது. 'வரைவு: மகே.' என்று இரண்டு எழுத்து இருக்கும். அவர் முதலில் பயந்தது இதற்குத்தான். அப்புறம் பதினெட்டுப் படிகள் ஞாபகம் வந்தன. அப்போது வந்த பயம் வேறு மாதிரி இருந்தது. அதற்கு விடுப்பு விண்ணப்பமோ விளக்கக் கடிதமோ எழுத முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பிளாப்பிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு முக்கூடல் போனார். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். ஒன்றாம் பிளாப்பி, இரண்டாம் பிளாப்பி என்று எட்டு வரை ஒழுங்காக ஏறியது. ஒன்பதாவதில் கணிப்பொறி தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. துடைத்துப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். அசன் மைதீன் பிஸ்மி சொல்லி ஒருமுறை போட்டுப் பார்த்தார். படிக்க முடியவில்லை. ஒன்பது இல்லாமல் பத்து ஏறாது.

"அடுத்த வாரம் வேற ஒண்ணு கொண்டு வாரேன் பாய். மத்ததெல்லாம் இங்கனயே இருக்கட்டும்."

அசன் மைதீன் ஆற்றைப் பார்த்தார். "அடுத்த வாரம் வரைக்கும் இது பொறுக்குமான்னு தெரியலியே" என்றார்.

பொறுக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் தொடங்கிய மழை செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடவில்லை. மகேஸ்வரனின் மனைவி ராஜராஜேஸ்வரி இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, ஒரு மாதிரி இருக்கீக?"

"லீவு லெட்டர் எழுதணும். கை நடுங்குது. நீ எழுது."

"என்னன்னு எழுத?"

"வயித்துப்போக்குன்னு எழுது."

அது பொய்யும் இல்லை. காலையிலிருந்து நான்கு முறை போயிருந்தார்.

புதிய ஒன்பதாம் பிளாப்பியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பனியனுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பேட்டை தாண்டியதும் ரோட்டோர வாய்க்கால் எல்லாம் செம்மண் நிறத்தில் நிறைந்து ஓடியது. முக்கூடலில் இறங்கும்போது மணி பதினொன்று. நிலையத்துக்கு ஓடினார். கீழே பார்த்தார். படிகள் ஆறுதான் வெளியே தெரிந்தன. ஆற்றில் ஒரு முழு வாழைத்தோப்பே போய்க்கொண்டிருந்தது.

"அணையைத் திறந்துட்டாங்கன்னு ரேடியோவில சொன்னான்" என்றார் அசன் மைதீன். அவர் உதடு வெளுத்திருந்தது. "இப்பத்தான் கருத்தையா சார் போன் போட்டாரு. என்ன நிறம்னு கேட்டாரு. வெள்ளைன்னேன். அபாயமில்லைன்னு எழுதிக்கிட்டாரு. தண்ணி ஏறுதுன்னு சொன்னேன் தம்பி. தண்ணிக்குக் கட்டம் இல்லைன்னுட்டாரு."

முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம். அசன் மைதீன் ஜன்னலில் நின்று படிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அஞ்சு படி."

நான்காம் பிளாப்பி.

"நாலரை."

ஒன்பதாவதைப் போட்டபோது அதே செருமல். மகேஸ்வரன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். செருமல் நின்றது. 'பத்தாம் பிளாப்பியைப் போடவும்' என்று எழுத்து வந்தது. அவர் வாய்விட்டு அழுதுவிட்டார்.

பதினான்கும் ஏறி முடிந்தபோது மணி பதினொன்று ஐம்பத்துநான்கு. புரோகிராம் திறந்தது. தொலைபேசிக் கம்பி வழியே எண் வந்து சேர்ந்தது. அப்புறம் கணிப்பொறி மூச்சு வாங்கியது. அந்தப் பழைய இயந்திரத்துக்குச் சொந்த எஞ்சினைச் சுமக்கிற தெம்பு இல்லை. பக்கத்தை அது மேலிருந்து நூல் நூலாக வரைந்தது. முதலில் ஒரு சிவப்பு விளிம்பு. பிறகு ஒரு சிவப்புப் பட்டை. பிறகு 'வெள்ள அபா' என்று பாதி.

"சிவப்பு!" என்றார் அசன் மைதீன். "சிவப்புதான தம்பி? நீரும் பாத்தீருல்லா? சாட்சி சொல்லுவீருல்லா?"

"ஊதும் பாய்!"

சங்கு அலறியது. அதே நேரம் தொலைபேசி மணி அடித்தது. பன்னிரண்டு மணிப் பதிவுக்கான அழைப்பு.

"என்ன நிறம்?" கருத்தையாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சிவப்பு சார்."

"முக்கூடல்ல சிவப்பு கிடையாதே வே. முக்கூடலுக்கு வெள்ளைதான்."

"தண்ணி மண்டபத்துக்குள்ள வந்துட்டு சார்."

"தண்ணி வரட்டும் வே, அது இயற்கை. திரைக்குச் சிவப்பு எப்படி வந்துச்சு? யாரு அனுமதி?"

மகேஸ்வரன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். படித்துறைத் தெருவில் ஒருவர்கூட ஓடவில்லை. பெண்கள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு, நிதானமாகச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வட்டத்தின் விதி. பல வருஷமாக முக்கூடலில் அந்தச் சங்குக்குச் சாப்பாட்டு நேரம் என்றுதான் பொருள்.

திரையைப் பார்த்தார். தெருக்களின் பட்டியலில் முதல் எழுத்தின் தலை மட்டும் வந்திருந்தது. வரட்டும், வந்ததும் படித்துச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் முழுதாகக் காத்து நின்றார். வட்டத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்த பழக்கம். 'ப' முடிந்து 'டி' பாதியில் நின்றபோதுதான் அந்தப் பட்டியலைத் தட்டியதே தான்தான் என்பது அவருக்கு நினைவு வந்தது.

மழைக்குள் இறங்கி ஓடினார். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. முதல் வீட்டு வாசலில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி சோற்றில் கை வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பெயர் இசக்கி. மகேஸ்வரன் வாயைத் திறந்தார். பல் கிட்டிக்கொண்டது. கண்ணீரும் மழையும் மூக்குநீரும் ஒன்றாக ஒழுகின.

"படித்துறைத் தெரு!" என்று கத்தினார். "அடுத்து கீழ மண்டபத் தெரு! பாலத்தடிக் குடியிருப்பு! தோப்புத் தெரு! படித்துறைத் தெரு முதல்ல! அம்மா, எந்திரிங்க! எனக்கு நீச்சல் தெரியாதும்மா!"

இசக்கி ஒரு நொடி அவர் முகத்தையே பார்த்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள். "ஏ, எல்லாரும் வாங்கடி! தண்ணி வருது!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. கிழவர்களைத் தூக்கினார்கள். பிள்ளைகளை இடுப்பில் இடுக்கினார்கள். புகையிலை நனையாமல் முறத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். மகேஸ்வரன் நான்கு தெருவிலும், தட்டிய வரிசை மாறாமல், அழுதுகொண்டே கத்திக்கொண்டு ஓடினார்.

ஒன்றரை மணிக்கு இரண்டு தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். பதினாறு மண்சுவர்கள் விழுந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அடுத்த வாரம் மாவட்டத்தில் நடந்த பாராட்டு விழாவில் வைத்தியலிங்கத்துக்குச் சால்வை போட்டார்கள். மறுநாள் காலை, அதே சால்வை நாற்காலி முதுகில் கிடக்க, வெள்ளையாக இருக்க வேண்டிய திரை சிவந்தது எப்படி என்று விசாரிக்க உத்தரவிட்டார். விசாரணை அலுவலர் முத்துமாலை மதுரையிலிருந்து வந்தார். நிதானமானவர். எந்தத் தாளையும் இரண்டு முறை படிப்பார்.

வைத்தியலிங்கம் வாக்குமூலம் கொடுத்தார். "சுற்றறிக்கைப்படி அன்னைக்கு முக்கூடல்ல அபாயம் இல்லை. வெள்ளம் வந்தது உண்மைதான். நான் மறுக்கல. ஆனா அது சுற்றறிக்கைக்கு வெளியே வந்த வெள்ளம்."

அசன் மைதீன் திரை சிவந்தது, ஊதினேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். எஞ்சினை ஏற்றியது அவர்தான் என்று முடிவாகிவிடும் போலிருந்தது. ஏற்றியவர் மீது பதினேழு பி என்ற பெரிய தண்டனை விதி பாயும். ஓய்வூதியமே போய்விடும். மூலையில் நின்ற மகேஸ்வரன் முன்னால் வந்தார்.

"சார், நான்தான் சார். நான்தான் ஏத்தினேன். பாய்க்கு ஒண்ணும் தெரியாது."

முத்துமாலை வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "அன்னைக்கு நீங்க வயித்துப்போக்கில வீட்டில இருந்திருக்கீங்க."

"இல்ல சார், முக்கூடல்ல இருந்தேன்."

"லீவு லெட்டர் இருக்கு. கண்காணிப்பாளர் ஒப்புதல் இருக்கு. முத்திரை இருக்கு." முத்துமாலை இரண்டாம் முறையும் படித்தார். "நீங்க முக்கூடல்ல இருந்ததுக்கு ஏதாவது தாள் இருக்கா?"

"தாள் இல்ல சார். நான்தான் இருக்கேன்."

"அது போதாது" என்றார் முத்துமாலை வருத்தத்தோடு.

வீட்டில் இருந்த ஆள் முக்கூடலில் எஞ்சின் ஏற்ற முடியாது. அசன் மைதீனுக்கு ஏற்றத் தெரியாது. வேறு யாரும் அங்கே இல்லை. ஆகவே எஞ்சின் ஏற்றப்படவில்லை, ஏற்றப்படாததால் திரை வெள்ளையாகவே இருந்திருக்க வேண்டும் என்று அறிக்கை உருவாகி வந்தது. ஒன்று மட்டும் இடித்தது. திரை வெள்ளை என்றால், சங்கும் சாப்பாட்டுச் சங்கு என்றால், நான்கு தெரு ஜனங்கள் ஏன் ஓடினார்கள்? பொதுமக்கள் தரப்பில் ஒரு சாட்சி வேண்டும் என்று முத்துமாலை சொன்னார். இசக்கியை வரவழைத்தார்கள்.

அவள் மாடி ஏறி வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"அம்மா, திரையில சிவப்பு பாத்தீங்களா?"

"திரையா? நான் எந்தத் திரையையும் பாக்கல சார்."

"சங்கு சத்தம் கேட்டு ஓடினீங்களா?"

"சங்கு சோத்துக்குல்லா ஊதும்."

"அப்புறம் எதுக்கு ஓடினீங்க?"

இசக்கி சுற்றிலும் பார்த்து மகேஸ்வரனைக் கண்டுபிடித்தாள். "அன்னா நிக்காருல்லா, அவரைப் பாத்துத்தான். மழையில நனைஞ்சு, ஒத்தச் செருப்போட, பச்சப்பிள்ளை கணக்கா அழுதுக்கிட்டு வந்தாரு. சர்க்கார் ஆளுக எத்தனையோ பேரு எங்க தெருவுக்கு வந்திருக்காங்க சார். மிரட்டுவாங்க, எழுதிக்கிட்டுப் போவாங்க. எங்களுக்காக ஒரு ஆளு இப்படிப் பயந்து நான் பாத்ததே இல்ல. இந்த மனுசனே இப்படி நடுங்குதாருன்னா தண்ணி நிசமாத்தான் வருதுன்னு எந்திரிச்சு ஓடினோம்."

கருத்தையா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மாட்டிக்கொண்டார்.

முத்துமாலை பேனாவைத் திறந்து எழுதினார்: 'சாட்சி திரையைப் பார்க்கவில்லை. குழுவின் முடிவு உறுதி செய்யப்படுகிறது.'

இல்லாத எஞ்சினை முக்கூடல் கணிப்பொறியிலிருந்து நீக்கச் சொல்லி மாலையே உத்தரவு வந்தது. மகேஸ்வரனை, அவர் உடல்நிலையைக் கருதி, குலசேகரன்பட்டினத்துப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். அங்கே கடல் உண்டு, ஆறு கிடையாது.

அவர் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கியபோது, இசக்கி பஸ்ஸுக்காகச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். மேற்கே மறுபடி கறுத்திருந்தது.

"அடுத்த மழைக்கும் வருவீகளா சார்?"

"மாத்திட்டாங்கம்மா."

அவள் யோசித்தாள். "அப்போ உங்களை மாதிரிப் பயப்படுத ஆளு ஒருத்தரை அனுப்பச் சொல்லிட்டுப் போங்க."

மகேஸ்வரன் மாடியைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குள் வைத்தியலிங்கம் தெரிந்தார், கருத்தையா தெரிந்தார், கோப்புகளின் மேல் குனிந்த தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இங்கன எல்லாரும் பயந்த ஆளுகதாம்மா" என்றார். "ஆனா ஆத்துக்குப் பயப்படுதவங்க யாருன்னுதான் எனக்குத் தெரியல."